அப்பா சொன்ன ஆமா

பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேடையில் வைத்தார். பிளஸ் டூ முடித்த தன் மகளைப் பிலிப்பைன்ஸுக்கு டாக்டர் படிக்க அனுப்பப் போவதாகச் சொன்னார். நீட்டில் மார்க் போதவில்லை. கடலூரில் ஒரு ஏஜென்ட் சீட் வாங்கித் தருகிறாராம். வடலூரில் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது.

"எல்லாம் உன்னைப் பார்த்து வந்த தைரியந்தான்" என்றார்.

நான் என் மகளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டு வயது. வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். என் கை பாதியில் நின்றுவிட்டது.

பிலிப்பைன்ஸில் நான் ஒன்றரை வருஷம் இருந்தது உண்மை. ஆனால் அங்கே எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரியாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள் நான். இந்த பிளாக்கில் இது என் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வருவார்கள். அப்பா இருக்கும்போது எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொள்வார்கள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். உண்மையைச் சொன்னால், தினமும் மாமாவோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் மைன்ஸுக்குப் போகிற அப்பாவுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால், ஒரு பெண்ணை என்னை நம்பிக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை.

சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத்தோழியோடு ஒரு ஞாயிறு அவளுடைய சபைக்குப் போனேன். பாடினார்கள். குழந்தைகள் நடுவில் ஓடின. யாரும் அதட்டவில்லை. அடுத்த வாரமும் போனேன். படிப்பு முடிவதற்குள் ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். பிறகு ஊழியத்துக்கு மனுப் போட்டேன். எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. பிலிப்பைன்ஸ் என்று வந்தது.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்த குடும்பம். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்காமல் இருக்கமாட்டார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தனியாக இருக்க வேண்டுமா என்று. இல்லை, எப்போதும் இரண்டு இரண்டு பேர்தான், குளியலறை தவிர வேறெங்கும் தனியாக விடமாட்டார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார்.

மணிலாவில் சில வாரம் பாஷையும் பாடமும் சொல்லிக்கொடுத்து, கடலோரத்தில் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். பஸ் வளைவில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தும் இதன் கீழேதான் துணி உலர்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது போல. எங்கள் நெய்வேலி வீட்டில் கொடியிலிருந்து எடுக்கும் துணியைச் சாம்பல் போக உதறாமல் மடிக்க மாட்டோம். அங்கேயும் நான் பழக்கத்தில் உதறினேன். என் துணை ஊழியக்காரி, வேறு தீவிலிருந்து வந்த பெண், ஏன் உதறுகிறாய் என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து அவளும் உதற ஆரம்பித்தாள்.

நாட்கள் ஒரே மாதிரி போயின. விடிவதற்குள் எழுந்து, சிறிது உடற்பயிற்சி, பிறகு வேதம் வாசிப்பு, பிறகு பாஷை. பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு, சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வெளியே கிளம்புவோம். பேட்ஜில் என் பெயருக்கு முன்னால் 'சிஸ்டர்' என்று இருக்கும். வெயிலில் நடப்போம். கதவைத் தட்டுவோம். பெரும்பாலும் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்பார்கள். சிலர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். யாராவது கேட்கத் தயாராக இருந்தால், மனிதர்கள் எங்கிருந்து வந்தோம், குடும்பம் சாவோடு முடிந்துபோகிறதா என்பதையெல்லாம் எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்வோம். பாதி நாள் நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஒரு வீட்டில் அரிசி மூட்டை தூக்கினோம், இன்னொரு வீட்டில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வீட்டுப்பாடம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் வீட்டுக்குப் பேசவும் விடுவார்கள்.

நான் ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் எதைத் தப்பாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். துணை சொல்வாள், நீ நடக்கிற தூரம் எங்கள் எல்லோரையும்விட இரண்டு மடங்கு, ஒருமுறை காலால், ஒருமுறை தலைக்குள் என்று.

பாஷை பயமுறுத்தியது. ஆனால் அதில் ஒன்று மட்டும் உடனே பிடித்துப்போனது. பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் 'போ' என்று ஒரு சின்ன ஒலி சேர்ப்பார்கள். நம் 'ங்க' மாதிரி, மரியாதைக்கு. நான் பயத்தில் வார்த்தைக்கு வார்த்தை 'போ' சேர்த்தேன். ஊரில் யாரையாவது இப்படிப் போ போ என்று சொல்லியிருந்தால் செருப்படி விழுந்திருக்கும். அங்கே நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

கடற்கரைப் பக்கம் கருவாடு காயவைத்து விற்கிற ஒரு பெண்மணி எங்களை வரச் சொல்லியிருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். மூங்கில் தட்டிகளில் மீனைப் பிளந்து பரப்பிக்கொண்டே பேசுவார். நாங்களும் உட்கார்ந்து பரப்பிக் கொடுப்போம். அந்த வாடையில் எனக்கு வீட்டு நினைவு வரும். ஒரு மத்தியானம் அவர் தன் கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அப்போது கால்வாசிதான் புரியும். கடல், படகு, காலை, அரிசி என்று தனித்தனி வார்த்தைகள் காதில் விழுந்தன. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் மீனைக் கீழே வைத்துவிட்டு, அவர் கண்ணையே பார்த்து, நம் ஊரில் கதை கேட்கும்போது செய்வதைச் செய்தேன். அவர் மூச்செடுக்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் மெதுவாக "ஆமா… ஆமா…" என்றேன். என்னை அறியாமல் தமிழிலேயே வந்தது. அவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க மீன் செதிள்.

திரும்பி வரும்போது, நம் ஆட்டோ மாதிரி அங்கே ஓடும் டிரைசைக்கிளில், துணை சொன்னாள். "உன்னைப் பற்றி அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ பரலோகத் தகப்பனைக் கூப்பிட்டாயாம். இப்படி யாரும் தனக்காக ஜெபித்ததில்லையாம்."

அந்தப் பாஷையில் 'ஆமா' என்றால் தகப்பன். அங்கே ஜெபம் தொடங்குவதே அந்தச் சொல்லில்தான். நானே தினமும் சொல்லிக்கொண்டிருந்த சொல். ஆனாலும் எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகத் தோன்றியதே இல்லை. இரண்டு வெவ்வேறு பெட்டியில் இருந்தன. நான் அசடு வழியச் சிரித்து, தமிழில் அதற்கு 'சரி, மேலே சொல்லுங்கள்' என்றுதான் அர்த்தம் என்றேன். துணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் சொன்ன கதையை எனக்குச் சொன்னாள். கடல் சரியில்லாத ஒரு காலையில் கணவர் படகை எடுக்கத் தயங்கியிருக்கிறார். வீட்டில் அரிசி இல்லை, போய் வா என்று இவர்தான் அனுப்பியிருக்கிறார். படகு மட்டும் திரும்பி வந்தது. கதை முடிவில் அவர் எங்களைக் கேட்டாராம், அது என் தப்பா என்று.

அதற்கும் நான் ஆமா என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க நான் இதையே சொல்லிப் புலம்பினேன். துணை, விட்டுவிடு, அவருக்கு ஆறுதலாகத்தானே இருந்தது என்றாள். நான் செய்யாத ஜெபத்தை நம்பி அவர் சபைக்கு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த முறை போனபோது, தட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, கற்றுவைத்திருந்த வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொன்னேன். அது ஜெபம் இல்லை போ, என் பாஷையில் அதற்கு 'அப்படித்தான்' என்று அர்த்தம் போ, எனக்குக் கதை புரியவில்லை போ, மன்னியுங்கள் போ.

அவர் ஒரு மீனைப் பரப்பி முடித்தார். இன்னொன்றை எடுத்தார். எதற்கெல்லாம் அப்படித்தான் என்று சொன்னேன் என்று அவர் மனத்துக்குள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"நல்லவேளை, எனக்கு உன் பாஷை தெரியாது" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவர் ஞானஸ்நானம் எடுத்தாரா என்று சபையில் கேட்பார்கள். நான் அங்கே இருந்தவரை எடுக்கவில்லை. ஞாயிறுகளில் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே "ஆமா, ஆமா" என்று கேலி செய்வார்.

நான் அங்கே இப்படி இருக்க, இங்கே நெய்வேலியில் இன்னொரு ஆமா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் வந்துகொண்டிருந்த அப்பாவிடம் மாமா கேட்டிருக்கிறார், பொண்ணு பிலிப்பைன்ஸாமே, எம்பிபிஎஸ்ஸா என்று. அப்பா ஆமா என்றிருக்கிறார். அவ்வளவுதான். இறங்குவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நான் வீடியோவில் பேசும்போது அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். என் பேட்ஜைப் படித்துவிட்டு, "சிஸ்டர்னு போட்டிருக்கு? முதல்ல நர்ஸ் டிரெயினிங் குடுத்துதான் டாக்டராக்குவாங்களோ" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாராம்.

ஊர் திரும்பியதும் நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. படிக்கப் போகவில்லை அத்தை, மிஷனுக்குப் போனேன் என்றேன். "மிஷன் ஆஸ்பத்திரியா? அங்க நல்லா கத்துக்குடுப்பாங்க" என்றார். ஒன்றரை வருஷத்தில் எப்படி முடிந்தது என்று யாரோ கேட்டதற்கு, மீதி ஆன்லைனில் என்று அவர்களே பதிலும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் சபையில் காபி, டீ குடிக்க மாட்டோம். நான் காபி வேண்டாம் என்றதைப் பார்த்து, உடம்புக்கு ஆகாது போலிருக்கிறது என்று அத்தை ஒரு வாரம் காபியை நிறுத்தினார். தலைவலி தாங்காமல் திரும்பவும் ஆரம்பித்துவிட்டு, என் கண்ணில் படாமல் குடித்தார்.

அப்புறம் கல்யாணம். கணவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர், சென்னையில் வேலை, வார இறுதியில் வருவார். மகள் பிறந்த பிறகு தனியாகச் சமாளிக்கப் பயந்து நான் அப்பாவின் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டேன். அவள் இரண்டு முறை தும்மினால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். வெந்நீர் சூடு அதிகமோ, சோறு குழைவு போதாதோ, ஜன்னலைத் திறந்தால் சாம்பல், மூடினால் புழுக்கம். அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "டாக்டருக்கே இவ்ளோ பயமிருந்தா நாங்கள்லாம் என்னம்மா பண்றது" என்பார். வேலை பார்க்காததற்குக் காரணமும் அவரே வைத்திருந்தார், குழந்தை வளரட்டும் என்று.

ஞாயிறு வந்தது. காலையில் போனில் சபை ஆராதனை பார்த்தேன். ஒரு வார்த்தையும் மனசில் நிற்கவில்லை. மத்தியானம் அப்பா கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, அப்பா, இன்னைக்கு அவங்ககிட்ட சொல்லிடப் போறேன் என்றேன். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நான் கணவருக்குப் போன் செய்து, சொல்லலாமா, சரியா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டேன். உனக்கு எது சரி என்று தெரியும் என்றார். தெரிந்தால் ஏன் கேட்கப் போகிறேன்.

சாயங்காலம் அத்தை, மாமா, அவர்கள் பெண் மூவரும் வந்தார்கள். பெண் புது சுடிதார் போட்டிருந்தாள். ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, நீ எந்தக் காலேஜ்மா, இதே காலேஜா என்று ஆரம்பித்தார்.

மகள் என் இடுப்பில் இருந்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நான் எந்தக் காலேஜிலயும் படிக்கல. டாக்டருக்குப் போகல. எங்க சபை ஊழியத்துக்குப் போனேன். வீடு வீடாப் போய் சாமியைப் பத்திச் சொல்லிக்கொடுத்தேன். அவ்ளோதான்."

அம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, பொண்ணு சொல்றது நெசமா?"

"ஆமா" என்றார் அப்பா.

பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பஸ்ல நீ கேட்டப்ப நான் தூங்கிக்கினு இருந்தேன். ஆமான்னுட்டேன். அப்பால முழிச்சிக்கினேன். அப்பவும் மாத்திச் சொல்லல. சாமி சொல்லிக்கொடுக்கப் போயிருக்கா எம்பொண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க எல்லாம் டாக்டர் அப்பான்னு கூப்பிட்டுக்கினு இருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

அத்தை, "அப்போ என் கால் வீக்கத்துக்கு நீ சொன்னியே, தலகாணி வெச்சு உசரத்துல வைங்கன்னு?" என்றார். அது எங்கள் அம்மா சொன்னது அத்தை என்றேன். "நீ சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டுச்சே" என்றார் அவர், சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு. மாமா எழுந்துவிட்டார். பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். வாசலில் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே அவர்கள் மனை விற்பதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு டாக்டர் ஆகத்தான் ஆசை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுக்க வந்தால் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். நான் உண்மையைச் சொன்னேன், சரி. அந்த உண்மையால் அவள் கதவு மூடியதே, அதற்கு யார் பொறுப்பு? என்னைப் பார்த்து வந்த தைரியம் பொய் என்றால், அந்த நாடும் காலேஜும் பொய்யாகிவிடாதே. மகளைத் தூங்கவைத்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். காலால் நடக்காத நடை.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். கதவைத் தட்டினேன். அத்தை திறந்தார். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எனக்கு டாக்டர் படிப்பு தெரியாது, ஆனால் அந்த நாட்டில் எனக்கு ஒரு ஆள் தெரியும், என்னோடு ஊழியம் செய்தவள், இப்போது மணிலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவளை நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லட்டுமா என்றேன். உள்ளறையிலிருந்து பெண் வெளியே வந்து நின்றாள்.

துணை விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய் அந்தக் காலேஜைப் பார்த்தாள். அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் சிலரிடம் பேசினாள். பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவும் வந்தார், அப்பாவுக்கு எதிர்ப்பக்கமாக. துணை பேசியதை நான் தமிழில் சொன்னேன். காலேஜ் இருக்கிறது. பாடம் நடக்கிறது. ஆனால் ஏஜென்ட் சொன்ன மாதிரி வந்தவுடன் இங்கே வேலை பார்க்க முடியாது, திரும்பி வந்து இங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டும், அதில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். பெண் இடையிடையே கேட்டாள். மழை எப்படி, தனியாக வெளியே போகலாமா, சோறு கிடைக்குமா. அதற்கெல்லாம் துணையைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானே சொன்னேன். சோறு மூன்று வேளையும் கிடைக்கும் என்றதும் முதல்முறையாகச் சிரித்தாள்.

இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தே நீட் எழுதிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் அங்கே போகிறேன் என்று அவளே சொன்னாள். மாமா அத்தையைப் பார்த்தார். மனை இருக்கட்டும் என்றார். அப்பாவிடம், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தானே, பஸ்ஸில் இடம் போட்டு வைக்கிறேன் என்றார்.

போனை வைக்கும் முன் துணை அங்கிருந்து எங்கள் கூடத்தை உற்றுப் பார்த்தாள். பின்னால் பனியனோடு நின்றுகொண்டிருந்த அப்பாவை விரலால் காட்டி, இவர்தானா என்ற மாதிரி புருவத்தை உயர்த்தி,

"ஆமா?" என்றாள்.

அப்பா தன்னைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டு, பேத்தியை என் கையிலிருந்து வாங்கி, போனுக்கு அருகில் வந்தார்.

"ஆமா" என்றார்.